அடுத்தவர் வயலின் நடுவே ஒரு பாதை: இங்கிலாந்தில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த முதல் ஏழெட்டு மாதங்களில் நான் பார்த்த கிராமங்கள் எல்லாம் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தவைதான். ஓர் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, டெர்பிஷையரில் ஒரு சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது பச்சைப் பலகை ஒன்று வேலிக்குள் கைகாட்டியது. 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று எழுதியிருந்தது. அது காட்டிய திசையில் இருந்ததோ ஒரு பண்ணை வீட்டின் முற்றம். டிராக்டர் நிற்கிறது, கொடியில் துணி காய்கிறது, நாய் குரைக்கிறது. இதற்குள் எப்படி நுழைவது என்று தயங்கி நின்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்து, கொட்டகையைத் தாண்டினால் கேட் வரும், நேரே போங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை உதறத் தொடங்கினார்.

அவர் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை, வழிதான் சொன்னார். இந்த வித்தியாசம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. அந்த முற்றத்தைக் கடக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது சட்டப்படி உள்ள உரிமை. நேற்று மாணவர் விசாவில் வந்து இறங்கியவருக்கும், ஏழு தலைமுறையாக அதே ஊரில் இருப்பவருக்கும் அந்த உரிமை ஒரே அளவுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. புதிதாக வந்த நம்மவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டி.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் ஃபுட்பாத் என்றால் சாலையோர நடைமேடை, சென்னைக்காரர்களுக்குப் பிளாட்பாரம். இங்கே அதற்குப் பெயர் பேவ்மென்ட். ஃபுட்பாத் என்றால் பெரும்பாலும் வயல், காடு, மேடு வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதைதான். யாரிடமாவது வழி கேட்கும்போது இந்தக் குழப்பம் வரும்.

மரக்கம்பங்களில் சின்ன வட்டத்துக்குள் அம்பு போட்டிருப்பார்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் பிரைடில்வே. நடக்கலாம், குதிரையிலும் சைக்கிளிலும் போகலாம். சிவப்பு அம்பு இருந்தால் வண்டிகளும் வரும், பார்த்துப் போங்கள். ஏகோர்ன் எனப்படும் ஓக் மரத்துக் காயின் படம் இருந்தால், நீங்கள் நேஷனல் டிரெயில் என்ற நெடும்பாதை ஒன்றில் நிற்கிறீர்கள்.

நிலம் தனியாருடையது, நம் கணக்கில் பட்டா நிலம். ஆனால் அதன் மேல் போகும் அந்தக் கோடு ஊருக்குப் பொது. இது எப்படி வந்தது? பெரும்பாலும் நடந்து நடந்துதான் வந்தது. சந்தைக்கு, கோயிலுக்கு, ஆலைக்கு, பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு என்று ஜனங்கள் போன தடம் அது. பொதுமக்கள் ஒரு பாதையை 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தி வந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டதாகவே இன்றைய சட்டமும் எடுத்துக்கொள்ளும். அப்படி விட எனக்கு எண்ணமே இல்லை என்று அவர் அந்தக் காலத்திலேயே காட்டியிருந்தால்தான் விதிவிலக்கு. ஒருமுறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழி என்பது இங்கே பழைய சட்ட வாக்கு. நூறு ஆண்டுகளாக யாரும் நடக்காமல் புல் மூடிக் கிடந்தாலும் உரிமை தானாகச் செத்துவிடாது.

இது இங்கிலாந்து, வேல்ஸ் கதை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை ஏறக்குறைய எல்லா நிலத்திலும் நடக்கலாம். வட அயர்லாந்தில் நேர்மாறு. பொதுப் பாதைகள் மிகக் குறைவு.

அப்புறம் வரைபடம்

ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் வாங்குங்கள். ஆரஞ்சு நிற அட்டை, 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். உங்கள் வட்டாரத்துக்கான ஒரு தாள் போதும். நூலகத்தில் இரவலுக்கும் கிடைக்கும், கைபேசிச் செயலியும் இருக்கிறது. வழக்கமான கைபேசி வரைபடத்தை நம்பி மட்டும் வயலில் இறங்காதீர்கள்; எது பொதுவழி, எது பண்ணைக்காரரின் சொந்த வழி என்று அது பிரித்துக் காட்டாது.

எக்ஸ்ப்ளோரரில் பச்சைச் சிறுகோடுகள் ஃபுட்பாத், பச்சை நீள்கோடுகள் பிரைடில்வே. கறுப்புச் சிறுகோடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரையில் அங்கே ஒரு தடம் இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன, நடக்கும் உரிமை இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் முதல் முறை வழிதவறியது இதைக் கவனிக்காமல்தான். வேலியைக்கூட ஒவ்வொன்றாகக் குறித்திருப்பார்கள். பச்சைக் கோடு வேலிக்கு இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தால் பாதி தவறு குறையும்.

ஆர்ட்னன்ஸ் என்றால் பீரங்கித் தளவாடம். நடைப்பயணிகளின் வரைபடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், அதை வரையத் தொடங்கியதே படைத்தளவாட வாரியம்தான். பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற அச்சம் இருந்த காலம் அது. 1791-இல் அமைப்பு தொடங்கியது. 1801-இல் வந்த முதல் வரைபடம் பிரான்ஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கென்ட் பகுதியுடையது. அதற்கும் முன்பு, 1784-இல் வில்லியம் ராய் என்ற படை அதிகாரி லண்டனுக்கு மேற்கே ஹன்ஸ்லோ ஹீத் வெளியில் 8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு நேர்கோட்டை அளந்தார்; நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போக அந்தக் கோடுதான் அடிப்படை. மர அளவுகோல்கள் ஈரத்தில் நீண்டு சுருங்கியதால் கண்ணாடிக் குழாய்களை வைத்து அளந்தார்கள். அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் பீரங்கிகளைத் தலைகீழாக நட்டுவைத்தார்கள். ஒன்று இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு எல்லைச் சாலையோரம் நிற்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அதன் அருகில்தான் வந்து இறங்குகிறோம். இதே முறையில் வில்லியம் லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீள அடிப்படைக் கோடு ஒன்றை அளந்தார்; இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் விரிந்தது.

மலை உச்சிகளில் ஓர் ஆள் நெஞ்சளவுக்குக் கான்கிரீட் தூண் ஒன்றைப் பார்ப்பீர்கள். அதற்கு டிரிக் பாயின்ட் என்று பெயர். நாட்டை மறுபடி அளப்பதற்காக 1936 முதல் 6,500 வரை கட்டினார்கள். செயற்கைக்கோள் வந்தபின் அளவைக்குப் பயனில்லை. ஆனாலும் உச்சிக்குப் போனவர்கள் அதன் தலையைத் தொடாமல் இறங்குவதில்லை. நீங்களும் தொடுங்கள்.

முதல் நடைக்கு எங்கே, எவ்வளவு

6 முதல் 8 கிலோமீட்டர் போதும். ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையத்தில் ஏறுவது போல வைத்துக்கொண்டால் காரும் வேண்டாம், பேருந்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கிராமப்புறங்களில் ஞாயிற்றுக்கிழமை பேருந்தே இல்லாத ஊர்கள் நிறைய. கடைசி வண்டி எப்போது என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்னது. தொடக்கத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், அதை மறக்க வேண்டாம்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், குளிரும், காயவே காயாது. கணுக்காலை மூடும் காலணி, மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, ஃபிளாஸ்க்கில் டீ. சாப்பாட்டுக்குப் புளியோதரையை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆறினாலும் ருசி, கையில் ஒட்டாது, ஒரு நாள் முழுக்கக் கெடாது. கோடையிலும் முழுக்கால் சட்டை போடுங்கள். பாதை ஓரத்தில் நெட்டில் என்ற செடி இடுப்பளவு நிற்கும். நம் ஊர்க் காஞ்சொறி மாதிரி, உரசினால் தடித்து எரியும். பக்கத்திலேயே அகன்ற இலையோடு டாக் செடி இருக்கும், அதைக் கசக்கித் தேய்க்கச் சொல்வார்கள். இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கைவைத்தியம் அது. புல்லில் உண்ணிகளும் இருக்கும், வீடு திரும்பியதும் காலைப் பாருங்கள்.

வேலிகளும் மாடுகளும்

வேலியைக் கடக்க மூன்று நான்கு வகை ஏற்பாடுகள் உண்டு. ஏறி இறங்கும் மரப்படி ஒன்று, ஸ்டைல் என்பார்கள். கல் சுவரில் ஓர் ஆள் ஒருக்களித்து மட்டும் நுழையும் சந்து ஒன்று. எனக்குப் பிடித்தது கிஸ்ஸிங் கேட். அரைவட்டமாக ஒரு கூண்டு, அதற்குள் ஆடும் ஒரு கதவு. கதவைத் தள்ளிக் கூண்டுக்குள் போய் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். கதவை மறுபக்கம் தள்ளினால் வழி திறக்கும். மனிதர் போகலாம், மாடு போக முடியாது. கதவு இரண்டு பக்கத்துக் கம்பத்தையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். முதுகுப்பையோடு உள்ளே சிக்கிக்கொண்டால் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளுங்கள், கதவு தாராளமாகச் சுழலும்.

மற்றக் கேட்டுகளுக்கு ஒரே விதி: எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கலாம்.

மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மாடு என்றால் தெருவில் தடவிக்கொடுத்துவிட்டுப் போவோம். இங்கே மாடுகள் பெரிய மந்தையாக, ஆள் பழக்கம் குறைவாக இருக்கும். கன்றோடு இருக்கும் மந்தையை விட்டு விலகி வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் இடையில் ஒருபோதும் போகாதீர்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கூட நாய் இருந்து மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். அது தப்பித்துக்கொள்ளும், மாடு பெரும்பாலும் நாயைத்தான் குறிவைக்கும். காளைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பொதுப் பாதை போகும் வயலில், பால்மாட்டு இனத்தைச் சேர்ந்த பத்து மாதத்துக்கு மேற்பட்ட காளையை விடக்கூடாது. இறைச்சி இனத்துக் காளையை விடலாம், ஆனால் அதுவும் பசுக்களோடு சேர்த்துத்தான். பசுக்கள் கூட இருந்தால் காளை சாந்தமாக இருக்கும் என்பது கணக்கு. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இது.

பாதை பயிர் நடுவே போனால் தயங்க வேண்டாம். வயலின் குறுக்கே போகும் பாதையை உழவர் உழலாம், ஆனால் முதலில் உழும்போது 14 நாட்களுக்குள் தடத்தைத் திரும்ப அமைத்துத் தர வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு. அப்படிச் செய்யாமல் பயிர் மூடியிருந்தாலும், வரைபடத்தில் உள்ள கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்து போவது உங்கள் உரிமை. விளைந்த பயிரில் கால் வைக்க நமக்கு மனசு வராதுதான். எனக்கும் வரவில்லை, முதல் தடவை வரப்பைச் சுற்றித்தான் போனேன். ஆனால் பாதையை விட்டு வரப்பில் சுற்றும்போதுதான் நாம் உரிமை இல்லாத இடத்தில் நிற்கிறோம்.

'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்'

இந்த வாசகத்தை அடிக்கடி பார்ப்பீர்கள். பயப்படாதீர்கள். பச்சைக் கோட்டின் மேல் நின்றால் அந்தப் பலகை உங்களைக் கட்டுப்படுத்தாது. கோட்டை விட்டு விலகியிருந்தாலும், வெறுமனே நடந்து போவது இங்கே பெரும்பாலும் சிவில் விவகாரம்தான், குற்றம் அல்ல. ரயில் பாதை, ராணுவ இடம் போன்றவை வேறு. அங்கே நுழைவது குற்றம். யாராவது வெளியே போகச் சொன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அருகிலுள்ள பாதைக்குத் திரும்பிவிடுங்கள்.

இந்த நிம்மதி சும்மா வரவில்லை. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களைப் போட்டு, 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தையும் திறந்த வயல்களையும் வேலிக்குள் கொண்டுவந்தது. நீங்கள் ரசித்துப் பார்க்கும் அந்தப் பச்சைக் கட்டங்களில் பல அப்படி உருவானவைதான். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு ஒருநாள் காலையில் ஒருவருடைய தனிச்சொத்தானால் ஊர் என்ன ஆகும்? அதுதான் இங்கே ஊர் ஊராக நடந்தது. நிலம் போன ஏழைகள் பலர் நகரத்து ஆலைகளில் போய்ச் சேர்ந்தார்கள்.

1932-இல் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. கண்ணுக்கு எதிரே கிண்டர் ஸ்கவுட் மேடு. ஆனால் பணக்காரர்கள் ஆண்டில் சில நாள் பறவை வேட்டையாடுவதற்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் ஹேஃபீல்டு ஊருக்கு அருகே ஒரு பழைய கல் குவாரியில் கூடினார்கள். பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் பேசினார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். கலவரம், தாக்குதல் என்றுதான் குற்றச்சாட்டு, ஆனால் எல்லாம் தொடங்கியது மேட்டில் நடந்ததில்! ஆனால் அந்தத் தீர்ப்பு மக்களின் கோபத்தைத்தான் கிளப்பியது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் பாதைகளுக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பொதுப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்க வேண்டும் என்றது. உங்கள் கையில் இருக்கும் பச்சைக் கோடுகளின் மூலம் அதுதான். 1951-இல் முதல் தேசியப் பூங்கா ஆனது, கிண்டர் ஸ்கவுட் இருக்கும் அதே பீக் டிஸ்ட்ரிக்ட். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, திறந்த மேடு, பொதுப் புல்வெளிகளில் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமையையும் தந்தது. கிண்டரில் அன்று ஒரு பகுதிக்குச் சொந்தக்காரராக இருந்த டெவன்ஷையர் பிரபுவின் பேரன், 2002-இல் அந்த இடத்துக்கே வந்து தன் குடும்பத்தின் செயலுக்காக மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் குவாரியில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். நடக்கக்கூடச் சண்டை போட வேண்டியிருந்ததா என்று கேட்டாள்.

போகிற வழியில் கவனிக்க வேண்டியவை

இரண்டு மூன்று முறை நடந்து கால் பழகியதும் கண்ணைப் பழக்குங்கள். ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கலாம். 'பி' என்று முடியும் டெர்பி, விட்பி எல்லாம் டேனியர்கள் குடியேறிய ஊர்கள். 'செஸ்டர்' என்று முடிந்தால் பெரும்பாலும் ரோமானியர் கோட்டை இருந்த இடம்.

உயிர்வேலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து 30 அடி எடுத்துவைக்கும் நீளத்துக்குள் எத்தனை வகை மரங்கள், புதர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு வகைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு என்று மாக்ஸ் ஹூப்பர் என்ற ஆய்வாளர் ஒரு கணக்கு சொன்னார். எல்லா இடத்திலும் துல்லியமாக வராது. ஆனாலும் ஒரே ஒரு வகை முள்மரம் மட்டும் நிற்கும் நேரான வேலியையும், ஏழெட்டு வகை பின்னிக்கிடக்கும் வளைந்த வேலியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எது மூத்தது என்று கண்ணே சொல்லிவிடும்.

நடு இங்கிலாந்தில் மாலை வெயில் சாய்ந்து விழும்போது சில புல்வெளிகள் அலை அலையாகத் தெரியும். இடைக்கால உழவர்கள் எருதுகள் பூட்டி உழுத சால்கள் அவை. கடைசியாக ஏர் ஓடி நூற்றாண்டுகள் ஆகியும் புல் அதை அழியவிடாமல் வைத்திருக்கிறது. சால் நேராக இல்லாமல் முனைகளில் லேசாக வளைந்திருக்கும். நீண்ட எருதுவரிசையைத் திருப்ப இடம் வேண்டுமே!

ஏரி மாவட்டத்தில் ரைடலிலிருந்து கிராஸ்மியருக்குப் போகும் பாதை கட்டாயம் நடக்க வேண்டிய ஒன்று. பிணப்பாதை அது. முன்பு சிற்றூர்களுக்குச் சொந்தமாக இடுகாடு கிடையாது. இறந்தவரைத் தாய்த் தேவாலயம் வரை தூக்கிப் போக வேண்டும். வழியில் தட்டையான பெரிய கல் கிடக்கும், பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாற. நம் சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கும் இந்தக் கல்லை விட்டவர்களுக்கும் ஒரே மனசுதான். பிணம் போன வழி பொதுவழி ஆகிவிடும் என்று அந்நாளில் நம்பினார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பழைய தேவாலயங்களின் வாசலில் கூரை போட்ட சிறு மண்டபம் பார்த்தால், அதற்கு லிச்கேட் என்று பெயர். லிச் என்பது பிணத்துக்கான பழைய ஆங்கிலச் சொல். பாதிரியார் வரும் வரை பெட்டி மழையில் நனையாமல் காத்திருந்த இடம்.

எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லுங்கள். லண்டன் சுரங்க ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதே மனிதர் பாதையில் எதிர்ப்பட்டால் 'மார்னிங்' சொல்லாமல் போக மாட்டார்.

சாப்பாட்டுக்கு பப்பில் நுழைந்தால் சேற்றுக் காலணியை என்ன செய்ய என்று கேட்டுவிடுங்கள், கவுன்டரில் போய் ஆர்டர் சொல்லுங்கள். மதியச் சமையல் இரண்டு இரண்டரைக்கு நின்றுவிடும் இடங்கள் உண்டு. பெயர்ப் பலகையையும் பாருங்கள். 'ராயல் ஓக்' என்று இருந்தால், 1651-இல் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரம் அது.

சிக்கல் வந்தால்

பாதையில் முள்கம்பி, பூட்டிய கேட், உடைந்த படி இருந்தால் படம் எடுத்து, வரைபடக் கட்டத்தின் எண்ணோடு அந்தப் பகுதிக் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் கொடுங்கள். வெளியூர்க்காரர் நமக்கெதற்கு என்று விடாதீர்கள். நான் கொடுத்த ஒரு புகாருக்கு ஏழு வாரம் கழித்துப் புதுப் படி வந்தது. மலையில் விபத்து என்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருபவர்கள் தொண்டர்கள், கட்டணம் கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் நடக்கப் போனால் ஒரு டப்பா எடுத்துப் போங்கள். வேலி முழுக்க பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்கும். தானாக வளர்ந்த காட்டுப் பழத்தை வீட்டுக்குப் பறிப்பது திருட்டல்ல என்று 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விற்பதற்காகப் பறித்தால்தான் குற்றம். நாய் எட்டாத உயரத்தில் பறியுங்கள். செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளுக்குப் பிறகு பறிக்க வேண்டாம் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் அன்றுதான் பிளாக்பெர்ரி முள்ளில் வந்து விழுந்தானாம், அந்தக் கோபத்தில் பழத்தின் மேல் துப்பிவிட்டானாம். உண்மையிலும் அந்த நாளுக்குப் பிறகு பழம் நீர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.